அஞ்சத்தக்கதும் அஞ்சத்தகாததும்: தைமஸ் சுரப்பியின் பெருக்கம் குறித்து



நோய்களைப் பற்றிப் பொதுமேடையிற் பேச வருகிறவர்கள் நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று எல்லோர் வீட்டிலும் குடியேறிவிட்ட விஷயங்களைத் தேர்ந்துகொள்வதே வழக்கம். நானோ, மார்பெலும்புக்குப் பின்னால் மறைந்து கிடந்து, பாதி ஆயுள் கழிவதற்குள் தானே கொழுப்பாக மாறி ஒடுங்கிப்போகிற தைமஸ் என்னும் சிறு சுரப்பியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. முன்னெல்லாம் நெஞ்சுக்குள் இருப்பதைக் காண்பதற்கு எக்ஸ்றேயை விட்டால் வேறு வழியில்லை. இப்பொழுது இருமலுக்காகவோ, வீதி விபத்துக்காகவோ, வேறெதற்காகவோ எடுக்கப்படும் ஸ்கான் படம் கேளாத கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லத் தொடங்கிவிட்டது. அப்படி வந்த ஓர் அறிக்கையில் ‘தைமஸ் பெருத்திருக்கிறது’ என்று ஒரு வரி இருந்துவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் மண்டூரிலிருந்து படகுப்பாதை ஏறிவந்த குடும்பம் ஊர் திரும்பும்போது அந்த வரியையன்றி வேறெதனையும் சுமந்து செல்வதில்லை. அது புற்றுநோயாகத்தான் இருக்கும், மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டும், காணியை ஈடு வைக்கவேண்டும் என்று அன்றிரவே முடிவாகிவிடுகிறது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மாலையானதும் கண்ணிமை தாழ்ந்து, சோற்றை மெல்லத் தாடை ஓய்ந்து, பேச்சு மூக்கால் வரத் தொடங்கிய இளம்பெண்ணை, ‘பெலவீனம், இரத்தம் காணாது’ என்று சொல்லி மாதக்கணக்கில் வீட்டோடு வைத்திருப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். முதலாமவர்கள் அஞ்சத்தகாததற்கு அஞ்சுகிறார்கள். பின்னவர்கள் அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருக்கிறார்கள். பெருத்த தைமஸ் எப்பொழுது நோயின் அடையாளம், எப்பொழுது வெறும் வளர்ச்சி என்பதைப் பிரித்தறிவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சுரப்பி இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்பின் நடுவெலும்புக்குப் பின்னே, இதயத்தின் மேற்பாகத்தையும் அதிலிருந்து புறப்படும் பெருங்குருதிக் குழாய்களையும் போர்த்தினாற்போல, இரண்டு மடல்களாக, வெளிர் செந்நிறத்தில் மெத்தென்று அமைந்திருப்பது இது. பிறக்கும்போது ஏறக்குறைய 15 கிராம் எடையுடையதாய், பருவம் எய்தும் வயதில் 30 முதல் 40 கிராம் வரை வளர்ந்து, அதன்பின் ஆண்டுக்காண்டு சுருங்கி, முதுமையில் கொழுப்புக்கிடையே அங்கங்கே சில இழைகளாக மட்டும் எஞ்சுகிறது. ஆகவே, குழந்தையின் நெஞ்சில் பெரிதாகத் தெரிவது அதன் இயல்பு. அறுபது வயதினரின் நெஞ்சில் அதே அளவில் தெரிந்தால் மட்டுமே ஆராய்ச்சிக்குரியது. வயதைக் கேளாமல் இச்சுரப்பியின் அளவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிறவர் எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவராயினும், அவர் சொல்லை ஒப்புக்கொள்ளவேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள், கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872ஆம் ஆண்டு தமிழில் வெளியிட்டார். அவ்வாண்டில் தைமஸைப் பற்றி மானிப்பாய் மாணவன் அறிந்திருக்கக்கூடியதற்கும் லண்டன் மாணவன் அறிந்திருந்ததற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இருக்கும் இடத்தையும் வடிவத்தையும் எடையையும் இருவரும் ஒப்பிக்கலாம். எதற்காக இருக்கிறது என்று கேட்டால் இருவரும் மௌனம் சாதிக்கவேண்டியதுதான். அந்த மௌனம் இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது. ஓர் அவயவத்தின் தொழில் தெரியாதபோது மனிதர் அதனைச் சும்மா விட்டுவைப்பதில்லை. அதன்மேல் ஏதாவதொரு குற்றத்தைச் சுமத்துகிறார்கள். தைமஸ்மேல் சுமத்தப்பட்டது சிசுஹத்தி.

அக்கதை வைத்திய சரித்திரத்தில் மிக நீண்டதும் மிக வெட்கத்துக்குரியதுமான அத்தியாயங்களுள் ஒன்று. ஆகையால் அதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 1614இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் பீலிக்ஸ் பிளாற்றர், திடீரென்று மூச்சடைத்து இறந்த ஒரு சிசுவைப் பற்றி எழுதியபோது, பெருத்த தைமஸே மூச்சுக்குழாயை நெருக்கிக் கொன்றது என்று கருதினார். 1830இல் கொப் என்னும் ஜெர்மானியர் அந்நிலைக்குத் ‘தைமஸ் ஆஸ்த்மா’ என்று ஒரு பெயரையும் சூட்டினார். 1858இல் பிரீட்லேபன் என்பவர் பல பிரேதங்களை அளந்து நிறுத்துப் பார்த்து, அப்படியொரு நோயே கிடையாது என்று திட்டவட்டமாக எழுதியும், அவர் குரல் எடுபடவில்லை. 1889இல் வியன்னாவில் பால்ட்டௌஃப் என்பவர், சில குழந்தைகளின் தேகத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு அமைந்திருப்பதாகவும், அதன் அடையாளம் பெருத்த தைமஸும் பெருத்த நிணநீர்க் கணுக்களும் என்றும், அத்தகைய குழந்தை சிறு அதிர்ச்சியிலும் உயிர்விடும் என்றும் கூறவே, மயக்கமருந்து மேசையில் இறந்த குழந்தைக்கும் தொட்டிலில் இறந்த குழந்தைக்கும் காரணம் கேட்டுத் தவித்த வைத்தியர்களுக்கு ஆயத்தமானதொரு விடை கிடைத்துவிட்டது.

இந்த விடை எங்கே பிழைத்தது என்பது கவனித்தற்குரியது. உடற்கூறு கற்பதற்கு அந்நாளில் கிடைத்த பிரேதங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை; நெடுநாட் பட்டினியிலும் நோயிலும் மெலிந்து மாண்டவர்களுடையவை. பட்டினியும் காய்ச்சலும் தேகத்தை வருத்தும்போது முதலிற் சுருங்கும் அவயவங்களுள் ஒன்று தைமஸ். சுருங்கிய தைமஸையே நூற்றுக்கணக்கிற் கண்டு அதுவே இயல்பான அளவென்று பாடம் எழுதிக்கொண்டவர்கள், நன்றாகப் பாலுண்டு கொழுத்திருந்து சடுதியில் இறந்த ஒரு குழந்தையின் நெஞ்சைத் திறந்தபோது, அங்கே கண்ட ஆரோக்கியமான தைமஸைப் பார்த்து வீக்கம் என்று நடுங்கினார்கள். ஏழையின் நோயுற்ற சரீரம் இயல்பாகவும், நலமுள்ள குழந்தையின் சரீரம் விகாரமாகவும் கொள்ளப்பட்ட விபரீதம் இது. இத்தனைக்கும், இச்சுரப்பி போஷாக்கின் அளவுகோல் என்பதை இங்கிலாந்தின் ஜோன் சைமன் 1845இலேயே எழுதிவைத்திருந்தார்.

கருத்துப்பிழை கருத்தாகவே நின்றிருந்தால் கேடில்லை. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஒரு வியாழவட்டம் கழிவதற்குள், 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிரீட்லாண்டர் என்பவர் ஒரு குழந்தையின் தைமஸைக் கதிர்வீச்சால் சுருக்கிக் காட்டினார். அதன்பின் சுவாசம் கரகரக்கும் குழந்தைக்கு, நீலம் பாரிக்கும் குழந்தைக்கு, நாளடைவில் ஒரு குறையுமில்லாத குழந்தைக்கும் முற்காப்பு என்ற பெயரிற் கழுத்தடியில் கதிர் பாய்ச்சுவது நாகரிக வைத்தியமாயிற்று. 1931இல் பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபையும் நோயியலாளர் சங்கமும் கூட்டாக நடத்திய விசாரணையின் முடிவில், பால்ட்டௌஃப் சொன்ன தேகநிலைக்கு ஆதாரமே இல்லை என்று யங், டர்ன்புல் என்னும் இருவர் அறிக்கையிட்டார்கள். ஆயினும் அமெரிக்காவிற் சிகிச்சை தொடர்ந்தது. 1950இல் நியூயோர்க்கிலிருந்து டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் இருவரும் தைரொயிட் புற்றுநோய் கண்ட 28 சிறாரைப் பற்றி எழுதினார்கள்; அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சிசுப்பருவத்தில் தைமஸுக்காகக் கதிர்வீச்சுப் பெற்றவர்கள். தைமஸுக்கு அண்டை வீட்டுக்காரனாகிய தைரொயிட் அந்தக் கதிரில் வெந்திருந்தது. ரொச்செஸ்டர் நகரத்தில் அச்சிகிச்சை பெற்ற 2,600க்கு மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, தைரொயிட் புற்றுநோயும், பெண்களில் மார்புப் புற்றுநோயும் மிகுந்திருப்பது நிச்சயமாயிற்று. இல்லாத நோய்க்குச் செய்த சிகிச்சை உள்ள நோயை உண்டாக்கிற்று. இன்று ஓர் அறிக்கையின் ஒற்றை வரியைக் கண்டவுடன் ‘எடுத்துவிடுவோமே’ என்று கத்தியை நினைக்கும் எவரும் இந்தச் சரித்திரத்தை ஒருமுறை படித்துவிட்டு நினைப்பது நலம்.

இனித் தைமஸின் உண்மையான தொழிலுக்கு வருவோம். அது வெளிப்பட்ட வழி விசித்திரமானது; நிணநீர்ப் புற்றுநோயின் ஆராய்ச்சியிலிருந்தே அது வெளிப்பட்டது. சில இன எலிகளில் இரத்தப் புற்றுநோய் தைமஸிலே தொடங்குகிறது என்பதும், சுரப்பியை எடுத்துவிட்டால் அந்நோய் வருவதில்லை என்பதும் 1940களிலேயே தெரிந்திருந்தன. லண்டனுக்கு வெளியே, பழைய குதிரைலாயம் ஒன்றை ஆராய்ச்சிச்சாலையாக மாற்றியிருந்த இடத்தில், ஜாக் மில்லர் என்னும் இளம் வைத்தியர் இந்நோயை உண்டாக்கும் வைரஸைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறந்தவுடனேயே சுரப்பியை எடுத்துவிட்டால் என்ன நிகழும் என்று அறிய விரும்பி, நகத்தளவு எலிக்குஞ்சுகளுக்கு அச்சத்திரசிகிச்சையைச் செய்தார். குஞ்சுகள் சில வாரங்கள் நன்றாக வளர்ந்தன, பின் மெலிந்தன, தொற்றுநோய்க்கு இரையாகி மாண்டன. அவற்றின் குருதியில் நிணநீர்க்குழியங்கள் குன்றியிருந்தன. இன்னும் வியப்பானது, வேறினத்து எலியின் தோலை அவற்றின் முதுகில் ஒட்டினால், நிராகரிக்காமல் ஏற்றுக்கொண்டன. வெள்ளை எலியின் முதுகில் அந்நிய நிறத்து மயிர் செழித்து வளர்ந்தது. தன்னையும் பிறனையும் வேறுபிரித்தறியும் வல்லமை அவற்றுக்கு இல்லாது போயிற்று. 1961 செப்ரெம்பரில் ‘லான்செற்’ இதழில் மில்லர் இதனை எழுதினார். அறிஞர் பலர் உடனே நம்பிவிடவில்லை. மனித சரீரத்தின் பிரதான அவயவங்களுள் தொழில் கடைசியாகத் தெரியவந்தது தைமஸுக்குத்தான்.

அத்தொழில் இன்னதென்று இம்மட்டக்களப்பு ஊர்களின் மொழியிற் சொல்லலாம். களவெட்டியிற் சூடடித்து முடிந்தபின் பொலி தூற்றும் உழவன், காற்றின் திசை பார்த்து நெல்லை ஒருபுறமும் பதரை ஒருபுறமுமாகப் பிரிக்கிறான். தைமஸும் எலும்புமச்சையிலிருந்து வரும் இளங்குழியங்களை அவ்வாறே தூற்றுகிறது, ஆயின் இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை பதரென்று தள்ளப்படுகின்றன. தள்ளப்படுபவை இரு வகை: எதனையும் அறியும் சக்தியற்றவை ஒன்று, தன் தேகத்தையே பகையென்று அறிபவை மற்றொன்று. இந்த இரண்டாம் வகையை இனங்காண்பதற்காக, தைமஸின் உட்பகுதியிலுள்ள சில கலங்கள் கணையத்துக்குரிய இன்சுலினையும், தைரொயிட்டுக்குரிய புரதத்தையும், இப்படி உடம்பின் மூலைமுடுக்கிலுள்ள அவயவங்களின் சரக்குகளையெல்லாம் சிறிது சிறிது தாமே ஆக்கிக் காட்டுகின்றன. அதனைக் கண்டு பாயும் குழியம் அங்கேயே அழிக்கப்படுகிறது. இவ்வேலையை நடத்தும் ‘அயர்’ என்னும் மரபணு 1997இற் கண்டறியப்பட்டது. அது பழுதாய்ப் பிறந்தவர்களில் அதிரீனற் சுரப்பி, தைரொயிட்டின் பின்னுள்ள சிறு சுரப்பிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தன் படையாலேயே அழிகின்றன. தைமஸுக்கும் சுயநிர்ப்பீடன நோய்களுக்கும் உள்ள உறவின் வேர் இங்கே இருக்கிறது. தூற்றுதல் தவறினால் விளைவது உட்பகை.

இப்பொழுது பெருக்கத்துக்கு வரலாம். புற்றல்லாத பெருக்கம் என்று ஒரே பெயரால் வழங்கினாலும், நுண்ணோக்கியில் அது இரண்டு வேறு காட்சிகள். ஒன்றில், சுரப்பி தன் இயல்பான அமைப்பு மாறாமலே பருமனில் மட்டும் பெருக்கிறது. கடும் நோய், தீக்காயம், பெரிய சத்திரசிகிச்சை, புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றாற் சுருங்கிய தைமஸ், துன்பம் நீங்கியதும் பழைய அளவையும் தாண்டி எழுவது இவ்வகை. மற்றதில், பருமன் மாறாமலும் இருக்கலாம். ஆனால் உள்ளே, இருக்கக்கூடாத இடத்தில், பிறபொருளெதிரியை ஆக்கும் பீ-குழியங்கள் கூட்டங்கூட்டமாகக் குடியமர்ந்து முளைமையங்களை அமைத்திருக்கும். நாம் அஞ்சவேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவதுக்கே. அதுவோ ஸ்கானிற் பல சமயம் சாதாரணமாகவே தோன்றும். பெரிதாய்த் தெரிவது குற்றமற்றதாயும், சிறிதாய்த் தெரிவது குற்றமுடையதாயும் இருக்கக்கூடும் என்பதுதான் இச்சுரப்பியைப் பற்றி மாணவர்கள் முதலில் மனங்கொள்ளவேண்டியது.

அந்த இரண்டாம் வகையோடு மிக நெருங்கிய நோய் மயஸ்தீனியா கிராவிஸ். இந்தி நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1984இல் இந்நோய் கண்டபோது பத்திரிகைகள் வாயிலாக இப்பெயர் நம் நாட்டவர் காதிலும் விழுந்தது. இதன் இலட்சணத்தை விளக்குவதற்கு மட்டக்களப்பைவிடத் தகுந்த இடம் வேறில்லை. ஏனெனில் இங்கே பாம்புக்கடியை அறியாதவர் இல்லை. வேளாண்மைக் காவலுக்காக வாடியில் நிலத்திற் பாய்விரித்துப் படுத்தவனைக் கட்டுவிரியன் கடித்தால், கடிவாயில் நோவுகூட இராது, விடியும்போது கண்ணிமை இரண்டும் தூக்கமுடியாமல் தொங்கும், விழுங்க முடியாது, பின்னர் மூச்சுத் தசைகளும் ஓயும். விஷகடி வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் இந்தக் காட்சியே, மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், பாம்பின்றி நிகழுமானால் அது மயஸ்தீனியா. ஒரு வேறுபாடு உண்டு: காலையில் தெளிந்திருக்கும் இமை அந்தியில் தாழும், ஓய்வெடுத்தால் மீளும்.

இந்த ஒப்புமை வெறும் உவமையன்று. நரம்பின் நுனியிலிருந்து வரும் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனத்தைத் தசை ஏற்கும் வாயில்களை அடைத்துவிடுகிற நஞ்சொன்றை, தைவான் நாட்டுக் கட்டுவிரியனிலிருந்து 1963இல் சாங், லீ என்னும் இருவர் பிரித்தெடுத்தார்கள். தசையில் அந்நஞ்சு அவ்வாயில்களைத் தவிர வேறெங்கும் ஒட்டாது. ஆகவே வாயில்களை எண்ணுவதற்கு அதுவே கருவியாயிற்று. 1973இல் அமெரிக்காவில் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும் அதனைக்கொண்டு எண்ணிப்பார்த்தபோது, மயஸ்தீனியா நோயாளரின் தசையில் நூறு இருக்கவேண்டிய இடத்தில் 11 முதல் 30 வரையே இருந்தன. அதே ஆண்டில் பற்றிக், லின்ட்ஸ்ட்ரம் இருவரும், மின்விலாங்கிலிருந்து எடுத்த வாயிற் புரதத்தை முயல்களுக்கு ஏற்ற, முயல்கள் தலைசாய்ந்து துவண்டன. நோய் தேகத்தின் சொந்தப் பிறபொருளெதிரியால் விளைகிறது என்று 1960இல் ஸ்கொட்லாந்தின் ஜோன் சிம்சன் சொன்ன ஊகம் இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. மருந்தோ அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. கிரீன்விச் நகரில் மேரி வோக்கர் என்னும் பெண் வைத்தியர், இந்நோய் அம்புநஞ்சான கியுராரேயின் வேலையைப் போலிருக்கிறதே என்று சிந்தித்து, அந்நஞ்சுக்கு மாற்றான பைசொஸ்டிக்மினை 1934இல் ஒரு நோயாளிக்கு ஏற்றினார். தாழ்ந்திருந்த இமை சற்று நேரத்தில் உயர்ந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடத்தின் துணையின்றி, நோயாளியை உற்றுப்பார்த்ததனாலேயே கிடைத்த வெற்றி அது.

தைமஸுக்கு இதில் என்ன பங்கு? அந்த வாயிற் புரதத்தைத் தாங்கிய, தசையைப் போன்ற சில கலங்கள் தைமஸுக்குள்ளேயே இருக்கின்றன. இளம்பெண்களுக்கு வரும் மயஸ்தீனியாவில் முளைமையங்கள் அவற்றின் அருகே தோன்றி, அப்புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியை ஆக்கத் தொடங்குகின்றன. இந்நோயாளருள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இத்தகைய பெருக்கம் உண்டு. பத்திலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத் தைமோமா என்னும் கட்டி இருக்கிறது; இது வேறு பொருள், இதனைப் பெருக்கத்தோடு குழப்பக்கூடாது. 1936இல் அல்பிரட் பிளேலொக், மயஸ்தீனியா கண்ட ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்ற, அவள் நலமடைந்தாள். அதனால் துணிவுற்றுக் கட்டியில்லாதவர்களுக்கும் சுரப்பியை அகற்றினார். அது பயன் தருமா என்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாதாடியபின், 2016இலேதான் 126 நோயாளரைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி மூன்றாண்டு பார்த்த ஆய்வு முடிவைச் சொல்லிற்று: சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பெலமும் கூடிற்று, பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டெரொயிட் மருந்தின் தேவையும் குறைந்தது. ஆகவே இங்கே கத்திக்கு நியாயமான ஸ்தானம் உண்டு. அந்த நியாயத்தைத் தருவது சுரப்பியின் பருமன் அன்று, நோயாளியின் தசைகளும் குருதியிலுள்ள பிறபொருளெதிரியும்.

தைரொயிட் மிகையாய்ச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயிலும், லூப்பஸ், மூட்டுவாதம் முதலியவற்றிலும் தைமஸ் பெருப்பதுண்டு. கிரேவ்ஸ் நோயில் தைரொயிட்டுக்கு மருந்து கொடுத்து அடக்கினால் தைமஸும் தானே ஒடுங்கும், அறுக்கவேண்டியதே இல்லை.

எஞ்சியிருப்பது, எல்லோரும் கேட்கத் தயங்கும் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். பெருக்கம் முற்றிப் புற்றாகிவிடுமோ என்று கேட்கிறார்கள். சாதாரணப் பெருக்கம் அப்படி ஆவதில்லை. ஆனால் தைமஸ் நிணநீர்க்குழியங்களின் பிறப்பிடமாதலால், அங்கே லிம்ஃபோமா தானாகவே தோன்றக்கூடும்: பதின்பருவத்துப் பையன்களில் ஓர் இனம், இளம்பெண்களில் பீ-குழியங்களிலிருந்து வரும் வேறோர் இனம், இவற்றோடு ஹொட்ஜ்கின் இனம். வாரக்கணக்கில் வளர்ந்து முகம் வீங்குதல், கழுத்து நாளங்கள் புடைத்தல், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல், இரவில் உடுப்பு நனைய வியர்த்தல், எடை குறைதல் ஆகியவை அவற்றின் குறிகள். இவை ஒரு நாளும் காத்திருக்கத்தகாதவை. சுயநிர்ப்பீடனத்திலிருந்து லிம்ஃபோமாவுக்கு நேர்வழியாகச் செல்லும் ஒரு பாதையும் உண்டு: கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன் நோயுள்ளவர்களின் தைமஸில், ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருந்த அழற்சியின்மேல், மெதுவாய் வளரும் ஒரு லிம்ஃபோமா தோன்றுகிறது. இது அரிது, ஆயினும் ஆசியப் பெண்களிடமே அதிகம் காணப்படுவதால் நம்மவர் அறிந்திருக்கவேண்டியது.

தைமஸுக்கும் லிம்ஃபோமாவுக்கும் உள்ள உறவின் இன்னொரு முகம் நேர் எதிரானது; வைத்தியர்களையே ஏமாற்றுவது. லிம்ஃபோமாவுக்கு மருந்தேற்றி முற்றாகக் குணமான சிறுவனுக்கு, சில மாதங்களின்பின் எடுத்த ஸ்கானில் மார்பெலும்பின் பின்னே ஒரு திரட்சி தெரிகிறது. பெற் ஸ்கானிலோ அது ஒளிரவும் செய்கிறது. நோய் திரும்பிவிட்டது என்று வீட்டார் இடிந்துபோகிறார்கள். பெரும்பாலான வேளைகளில் அது, மருந்தின் கொடுமையாற் சுருங்கிய தைமஸ் மீண்டெழுந்து புதிய குழியங்களை ஆக்கிக்கொண்டிருக்கும் காட்சி. தேகம் தேறிவருவதன் அடையாளம். எம்.ஆர்.ஐ. படத்தில் இதனைப் பிரித்தறிய வழியுண்டு: நல்ல தைமஸில் கொழுப்பு நுண்ணியதாய் விரவியிருப்பதால், கொழுப்பும் நீரும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று மட்டுப்படுத்தும் விதத்தில் எடுத்த படத்தில் அது மங்கும், லிம்ஃபோமாவும் தைமோமாவும் மங்குவதில்லை. மிகச் சிறு குழந்தைகளில் இக்கொழுப்பு இராதாகையால், அவர்களுக்கு இச்சோதனை உதவாது.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில நாள் பிரெட்னிசொலோன் கொடுத்துப் பார்ப்போம், சுருங்கினால் பெருக்கந்தான் என்று தீர்ப்பளிக்கும் பழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. லிம்ஃபோமாவும் அம்மருந்துக்குச் சுருங்கும்! நோயை மறைத்து, திசுப் பரிசோதனையையும் கெடுத்துவிடும் அச்செயலை மறந்தும் செய்யக்கூடாது. சந்தேகம் மிகுந்தால் முதலில் ஊசியாற் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கவேண்டும். லிம்ஃபோமாவுக்குச் சிகிச்சை மருந்தே ஆதலால், மார்பைத் திறந்து சுரப்பியை அகற்றியபின் அதனை அறிந்துகொள்வதில் நோயாளிக்கு இலாபமில்லை.

வளர்ந்தவருக்கு இச்சுரப்பி வேண்டாத பொருள் என்று நாங்கள் படித்த காலத்திற் சொல்லித்தந்தார்கள். 2023இல் பொஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று அந்த நம்பிக்கையையும் அசைத்திருக்கிறது. தைமஸ் அகற்றப்பட்ட வளர்ந்தவர்களை, அதே பிரதேசத்தில் வேறு இதயச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டபோது, ஐந்தாண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 8.1 பேர், மற்றவர்களில் 2.8 பேர், புற்றுநோய் கண்டவர்களும் ஏறக்குறைய இருமடங்கு. இத்தகைய ஆய்வு காரணத்தை நிரூபிப்பதில்லை. ஆயினும் நியாயமின்றி எடுக்காதே என்று சொல்வதற்கு இது போதும்.

வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையின் சிறு வைத்தியசாலைகளிற் பணியாற்றப் போகும் மாணவர்கள், இவ்வளவுக்கும் பெரிய கருவிகள் வேண்டுமே என்று சோரவேண்டியதில்லை. இமை தாழ்ந்தவரை எதிரே அமர்த்தி, தலையை அசைக்காமல் ஒரு நிமிஷம் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மயஸ்தீனியாவாயின், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமை மேலும் இறங்கும். பிறகு ஐஸ்கட்டியைத் துணியிற் சுற்றி மூடிய இமைமேல் இரண்டு நிமிஷம் வைத்தெடுங்கள். குளிர்ச்சியில் அசற்றைல்கோலின் சிதைவது தாமதமாவதால் இமை சற்று உயரும். வாவியில் மீன் பிடிக்கும் ஊர்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அப்படி உயர்ந்ததைக் கண்டால், அந்நோயாளிக்கு மூச்சுத்திணறலும் விழுங்குவதில் தடையும் உண்டா என்று அன்றே கேட்டு, நரம்பியல் நிபுணரிடம் அனுப்புங்கள்; நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சில இந்நோயை மோசமாக்கும் என்பதை அனுப்பும் கடிதத்திலேயே குறித்துவிடுங்கள். ஸ்கான் அறிக்கையோடு வந்தவராயின், வயதையும், அண்மையில் கடும் நோயோ புற்றுநோய்ச் சிகிச்சையோ பெற்றாரா என்பதையும், தைரொயிட்டையும் விசாரித்தபின்னரே படத்தைக் கையில் எடுங்கள். பெற்றோரே, நீங்களும் பழைய படங்களை எறிந்துவிடாமல் உறையோடு பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் கொண்டுவாருங்கள். இன்றைய படத்தை மூன்று மாதத்துக்கு முந்தியதோடு ஒட்டிப் பார்க்க முடிந்தால், அநேக வேளைகளில் ஊசியும் வேண்டியிராது, கத்தியும் வேண்டியிராது.